வாப்பாவின் இளவரசன்

"அந்தக் காலத்துக் கேம் மாதிரி இப்ப எங்க வருது?" என்பார் வாப்பா. அவர் சொல்வது 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா'வை. 1989இல் ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய அந்த விளையாட்டில், 60 நிமிடங்களுக்குள் நிலவறையிலிருந்து தப்பி இளவரசியை மீட்க வேண்டும். தன் தம்பி ஓடுவதையும் பாய்வதையும் படம்பிடித்து, அதைப் பார்த்தே மெக்னர் இளவரசனை வரைந்தார். அதனால்தான் அவன் உண்மையான மனிதனைப்போல் ஓடினான். தவறினால் முள்ளுக்குழியில் விழுந்தான்.

2023 ஜூனில் யுபிசொஃப்ட் நிறுவனம் 'த லொஸ்ட் கிரவுண்' என்ற புதிய பாகத்தை அறிவித்தது. பல ஆண்டுகளாக அத்தொடரின் மீள்வருகைக்குக் காத்திருந்த ரசிகர்களில் பலர் முன்னோட்டத்தைப் பார்த்ததுமே ஏசினார்கள். நாயகன் இளவரசனல்ல, சர்கோன் என்ற போர்வீரன். 2003இல் வந்த 'த சேண்ட்ஸ் ஒஃப் டைம்' போல முப்பரிமாணத்தில் சுற்றித் திரியவும் முடியாது. பக்கவாட்டில்தான் ஓட வேண்டும். ஆனால் 1989இன் இளவரசனும் பக்கவாட்டில்தானே ஓடினான்! ஆரம்பத்திற்குத் திரும்பியதையே அவர்கள் துரோகம் என்றார்கள்.

2024 ஜனவரியில் விளையாட்டு வெளியானது. காஃப் மலையும் சீமுர்க் பறவையும் கதைக்குள் வந்தன. பாத்திரங்களைப் பாரசீக மொழியிலேயே பேச வைக்கவும் வசதி இருந்தது. வழி புரியாத இடத்தைப் படமெடுத்து வரைபடத்திலேயே குத்தி வைக்கலாம். விமர்சகர்கள் பாராட்டினார்கள். விற்பனையோ எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதே ஆண்டு ஒக்டோபரில், அதை உருவாக்கிய குழு கலைக்கப்பட்டு உறுப்பினர்கள் வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்ட செய்தி வந்தது.

ரசிகர்களின் அன்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அந்த அன்பு இல்லாவிட்டால் எந்தப் பழைய பெயரும் திரும்பி வராது. பழைய பெயரை எடுத்துக்கொள்பவர்களுக்கும் ஒரு கடன் உண்டு. ஆனால் அது பழைய முகத்தை அப்படியே வரைவதல்ல. எது அந்த விளையாட்டுக்கு உயிர் கொடுத்ததோ, அதைக் காப்பாற்றுவதே அவர்களது கடன். ரசிகர்களுக்கும் ஒரு கடன் இருக்கிறது: விளையாடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது.

வாப்பாவும் முன்னோட்டத்தைப் பார்த்து, "இது எங்கட இளவரசன் இல்ல" என்றவர்தான். கடந்த விடுமுறையில் நானாவின் மடிக்கணினியை அவர் முன் வைத்தேன். மூன்று தடவை முள்ளில் விழுந்தார். "முள்ளு மட்டும் மாறவே இல்ல" என்று சிரித்தார்.

பிறகு சொன்னார்: "இன்னொரு தரம் பார்ப்பம், மகள்."