பத்து நிமிடத்தில் அணைந்த தீ

"இடர் மேலாண்மையெல்லாம் செபிக்குக் காட்ட ஒரு ஃபைல். லாபம் விற்பனையில்தான் வருகிறது." நிறுவன வட்டாரங்களில் இதைப் பழமொழிபோலச் சொல்கிறார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் சட்டம் கேட்கிறதே என்று மட்டும் இடர் மேலாண்மைக் குழு அமைத்த இடங்களில் அது வெறும் ஃபைல்தான். முதிர்ந்த இடர் மேலாண்மையோ ஆலைத் தளத்திலேயே பணமாகத் தெரியும்.

2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசியே நுழையக் கூடாத அறைகளைப் புகையும் தண்ணீரும் பாழாக்கிவிட்டன. அங்கே சிப் வாங்கிய நோக்கியா, எரிக்சன் இரண்டுக்கும் சொல்லப்பட்டது, ஒரு வாரத் தாமதம் என்பதுதான். நோக்கியா அதை நம்பிச் சும்மா இருக்கவில்லை. அந்தச் சிப்களைத் தனிக் கண்காணிப்பில் வைத்துத் தினமும் பிலிப்ஸைக் கேட்டது. நிலைமை மோசம் என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் பிடித்தது. சில சிப்களின் வடிவமைப்பையும் மாற்றியது. எரிக்சன் விழித்துக்கொண்டபோது மாற்று வழி எதுவும் மிச்சமில்லை. சுமார் 40 கோடி டாலர் இழப்பு. மறு ஆண்டே கைபேசித் தொழிலைச் சோனியோடு சேர்த்துக்கொண்டது. அதற்கு இந்தத் தீ மட்டுமே காரணமல்ல.

"நன்றாகச் சம்பாதிப்பவர்களால்தான் இதற்கெல்லாம் செலவழிக்க முடியும், நீங்கள் காரணத்தைத் தலைகீழாகப் பார்க்கிறீர்கள்" என்பார்கள். இடர் மேலாண்மைக்குத் தரும் மதிப்பெண்ணையும் லாபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். ஆல்புகெர்க்கிக்குப் பொருந்தாது. இரண்டுமே பெரிய நிறுவனங்கள், தீயும் ஒன்றே, வந்த தகவலும் ஒன்றே.

கையிருப்பு முடங்கிய பணம் என்பது இன்னொரு வாதம். குறைந்த கையிருப்பையே கொள்கையாக்கிய டொயோட்டா, ஜப்பானின் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான சிப்களை வைத்திருக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021 பிப்ரவரியில், சிப் இல்லாமல் மற்றவர்கள் உற்பத்தியைக் குறைத்தபோது, அது தன் ஆண்டு லாபக் கணிப்பை 54 சதவீதம் உயர்த்தியது. செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை வெட்ட வேண்டியிருந்தது, உண்மை. அதற்குள் கிடைத்த மாதங்கள் சும்மா கிடைத்தவை அல்ல.

"அந்த நோக்கியாவே விழுந்துவிட்டதே?" விழுந்தது. உதிரிபாகத்துக்கு இருந்த கண்காணிப்பு, ஸ்மார்ட்போன் போட்டியில் உதவவில்லை. ஒரு துறையில் மட்டும் விழிப்பாக இருப்பதை நிறுவனம் தழுவிய இடர் மேலாண்மை என்று சொல்ல முடியாது.

எரிக்சன் என்ன செய்தது? தீக்குப் பிறகு, ஒவ்வொரு முக்கிய உதிரிபாகமும் யாரிடமிருந்து வருகிறது, அது நின்றால் எத்தனை நாளில் மீளலாம் என்று கணக்கெடுக்கும் முறையைத் தானே உருவாக்கிக்கொண்டது.