அரிய நோயா, தேடாத நோயா?

குற்றால சீசன் என்றால் சாரல், அருவி, பார்டர் பரோட்டா என்று எழுதத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். இந்தப் பதிவும் அந்த ஈரத்தைப் பற்றித்தான். ஆனால் அதில் வாழும் ஒரு கிருமியைப் பற்றி.

மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய். பர்க்கோல்டேரியா சூடோமாலியை என்ற பாக்டீரியாவால் வருவது. ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக உடலுக்குள் போகும். பலத்த மழையில் மூச்சு வழியாகவும், சுத்திகரிக்காத தண்ணீர் வழியாகவும் போகலாம். திடமான ஆளைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சுகர்காரர், சிறுநீரகம் கெட்டவர், நாள்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர், குடித்து ஈரல் கெட்டவர்... இவர்களிடம்தான் அதன் வேலையைக் காட்டும். ரத்தத்தில் பரவிவிட்டால் சில நாட்களிலேயே உயிர் போகலாம்.

இது புது நோயும் இல்லை. 1911-ல் ரங்கூனில் கண்டுபிடித்து, 1912-ல் 'இந்தியன் மெடிக்கல் கெசட்'டில் எழுதியவர்கள் இரண்டு பேர்: விட்மோர், கிருஷ்ணசாமி. நோய்க்கு 'விட்மோர் நோய்' என்று இன்னொரு பெயரும் உண்டு. கிருஷ்ணசாமியை வழக்கம்போல விட்டுவிட்டார்கள்!

பாடப்புத்தகம் இதை 'அரிய நோய்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு அதில்தான் சந்தேகம். 2016-ல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் ஆண்டுக்கு சுமார் 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்கிறது. அதில் இந்தியாவின் பங்கு மட்டும் 52,000 நோயாளிகளுக்கு மேல். கணிப்புதான், தலை எண்ணியது அல்ல. ஆனால் நம் நாட்டில் பதிவாகும் எண்ணிக்கை இதன் பக்கத்தில்கூட வருவதில்லை. வேலூர் சி.எம்.சி., மணிப்பால் கஸ்தூர்பா போன்ற இடங்களிலிருந்துதான் திரும்பத் திரும்பச் செய்தி வருகிறது. அங்கே மட்டும் கிருமி குடியிருக்கிறதா என்ன? அங்கே தேடுகிறார்கள், கிடைக்கிறது.

மற்ற இடங்களில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் என்று போனால் ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ். விடவில்லையா, டைபாய்டு. இருமலும் எடை குறைவும் சேர்ந்தால் காசநோய். ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி ஸ்கேனில் தெரியும்போது நாள் ஓடிப்போயிருக்கும். வழக்கமாகப் போடும் ஜென்டாமைசின் இதற்குப் பெரும்பாலும் கேட்காது. செஃப்ட்ரியாக்சோனை நம்பி இருக்க முடியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது பத்து, பதினான்கு நாள் ஏற்ற வேண்டும். பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். பாதியில் விட்டால் திரும்ப வரும். லேபிலும் ஒரு சிக்கல் உண்டு. பழக்கமில்லாதவர் இதை 'ஏதோ சூடோமோனாஸ்' என்று எழுதி அனுப்பிவிடுவார்.

தென்காசிப் பக்கத்துக்கு வருவோம். ஆனி, ஆடிச் சாரலோடு கார் சாகுபடி, ஐப்பசி மழையோடு பிசானம். வருஷத்தில் பாதி நாள் ஜனங்கள் வெறுங்காலோடு தொழியில்தான் நிற்கிறார்கள். அவர்களில் சுகர் உள்ளவர்கள் எத்தனை பேர்? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அது பட்டணத்து வியாதி என்பதெல்லாம் பழைய கதை.

என் கருத்து இதுதான். மழைக்காலத்தில் சுகர்காரர் ஒருவர் விடாத காய்ச்சலோடு வந்தால், முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். 2019-ல் தனி மாவட்டமான தென்காசியில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தம்கூட அன்றைக்கே ஒரு நல்ல லேபுக்குப் போய்ச்சேர வழி வேண்டும். "ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரை சும்மா இருக்க முடியுமா?" என்பார்கள். சும்மா இருக்கச் சொல்லவில்லையே! ரத்தத்தை எடுத்துவிட்டு மருந்தைப் போடுங்கள். ஒரு கல்ச்சரில் கிருமி வளராமல் போவதும் சகஜம். சந்தேகம் இருந்தால் சீழ், சளி, சிறுநீர் எல்லாவற்றிலும் மறுபடி தேட வேண்டும். செலவுதான். ஆனால் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 முதல் இந்த நோயைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஆரம்பத்தில் நூற்றுக்கு முப்பது பேர் செத்த இடத்தில் இப்போது பத்துக்கும் குறைவு. சீக்கிரம் கண்டுபிடித்ததும், நல்ல ஐ.சி.யு.வும்தான் காரணம். அதிசய மருந்து எதுவும் இல்லை.

வயலில் பூட்ஸ் போடச் சொல்லி அறிவுரை எழுதுவது சுலபம். தொழிக்குள் பூட்ஸோடு நாலு அடி நடந்து பார்த்தால் தெரியும், கால் வரும், பூட்ஸ் வராது. காலில் புண் இருக்கிற அன்றைக்காவது சேற்றில் இறங்காமல் இருந்தால் நல்லது. கூலிக்குப் போகிறவருக்கு அதுவும் கஷ்டம்தான். அதனால்தான் மொத்தப் பொறுப்பையும் நோயாளி தலையில் கட்டாமல், ஆஸ்பத்திரிப் பக்கம் கை காட்டுகிறேன்.

அப்போ ஐந்தருவியில் குளிக்கலாமா? தாராளமாக. சுகர் இருந்து காலில் ஆறாத புண்ணும் இருந்தால் மட்டும், இந்த முறை கரையில் நின்று சாரலை அனுபவியுங்கள். ஊருக்குத் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், எங்கே போனீர்கள், எந்தத் தண்ணீரில் நின்றீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.