ஊராட்சிக் கணக்கில் பணம் இருந்தால்தான் காற்றாலை சுற்றும்

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006இல் சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. திறன் 350 கிலோவாட், செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் கையிருப்பு 40 லட்சம் போக, மீதியெல்லாம் வங்கிக் கடன். உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் அதை நிறுவினார்கள். ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வருமானத்தில் கடனும் அடைந்தது.

தலைவராக இருந்த சண்முகத்தின் முனைப்பை எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த 40 லட்சம் யார் கண்ணிலும் படுவதில்லை. எதற்குச் செலவிடுவது என்று ஊராட்சியே முடிவெடுக்கக்கூடிய பணம் கையில் இருந்ததால்தான் ஓடந்துறையால் வங்கியின் படியேற முடிந்தது. ஊராட்சிகளுக்கு நிதிச் சுதந்திரம் இல்லாமல் கிராமங்களில் பசுமை மின்சாரம் வளராது என்பதே எங்கள் உறுதியான நிலைப்பாடு.

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. மரபுசாரா எரிசக்தி அதில் ஒன்று. துறையைத் தரலாம் என்றவர்கள் பணத்தைத் தரவில்லை. மின்சாரத்தின் மீதான வரி மாநில அரசுக்குரியது. பதினைந்தாவது நிதிக்குழு கிராமங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே கட்டப்பட்டது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் இரண்டாம் எண் கணக்கு என்று ஒன்று உண்டு. மின் கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கான கட்டணமும் கட்டுவதற்கென்றே வைத்திருக்கும் கணக்கு அது. தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மாதந்தோறும் அதிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது. அதே தொகையைக் கடன் தவணையாகக் கட்டினால் சில ஆண்டுகளில் ஊருக்கென்று ஒரு சூரிய மின் நிலையம் சொந்தமாகிவிடும். அப்படி மாற்றிச் செலவிட ஊராட்சிக்கு அதிகாரம் வேண்டும்.

முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் வந்தது. நிலமும் காற்றும் வெயிலும் அந்த ஊர்களுடையவை. விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஊராட்சிக்கு இவ்வளவு என்று உறுதி செய்யும் விதி மட்டும் இல்லை.

ஜெர்மனி இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. காற்றாலை உரிமையாளர்கள் ஒரு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை சுற்றியுள்ள உள்ளாட்சிகளுக்குத் தர 2021 முதல் அங்கே சட்டம் வழி செய்திருக்கிறது. தொழில் வரியைப் பங்கிடும்போதும் ஆலை நிற்கும் ஊருக்கு 90 சதவீதம். ஊருக்கு வருமானம் வந்தால் காற்றாலைகளுக்கான எதிர்ப்பு தணியும் என்பதே அதன் பின்னுள்ள எண்ணம்.

காற்றடிக்கும் ஊர் பணக்கார ஊராகும், மற்ற ஊர்கள் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஓடந்துறையின் காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பதிலேயே விடையும் இருக்கிறது. சிறிய ஊராட்சிகள் ஊராட்சி ஒன்றிய அளவில் சேர்ந்து, காற்றுள்ள இடத்தில் கூட்டாக ஆலை வைக்கச் சட்டம் வழிவிட வேண்டும். கடனுக்கு மாநில அரசு உத்தரவாதம் நிற்க வேண்டும். முறைகேடு நடக்குமே என்று அஞ்சுபவர்களுக்குக் கிராம சபையும் சமூகத் தணிக்கையும் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டாம் எண் கணக்கின் ஓராண்டு மின் கட்டணத் தொகையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பணத்தில் சொந்த மின் உற்பத்திக்கு அனுமதி கோரித் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புங்கள்.