சட்டமும் நாமும்: மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. வடநாட்டு அலுவலகங்களில் அம்முதலெழுத்து ஒரு தாளில் மறையும். மற்றொன்றில் தந்தையின் பெயரே மகனுக்குச் சூட்டப்பட்டிருக்கும். நாமும் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அஸ்ஸாமிலோ, பெயரின் எழுத்தும் தேதியும் தாளுக்குத் தாள் மாறியதைக் குறையாகக் கொண்டு, ஒரு தீர்ப்பாயம் ஒருவரை அந்நியர் என்று அறிவித்தது.

இதற்கு வழிவிட்டது ஆங்கிலேயர் 1946-இல் இயற்றிய அந்நியர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. தாம் அந்நியர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையை அது அம்மனிதர் மீதே வைத்தது. கடவுச்சீட்டுடன் கப்பலிறங்கும் வெளிநாட்டார் வரையில் அதில் நியாயமும் உண்டு. தாம் எந்நாட்டார் என்பதை அவரே நன்கறிவார். எழுத்தறியாத, பிறப்புச் சான்றில்லாத உழவர் எதைக் காட்டுவார்?

எல்லையைக் காப்பது அரசின் கடமை. அதில் எமக்கு ஐயமில்லை. அந்நியரை வெளியேற்றும் அதிகாரம் வரம்பற்றது என்று உச்ச நீதிமன்றம் 1955-இலேயே கூறியிருக்கிறது. ஆனால் அது அந்நியரைப் பற்றிய பேச்சு. ஒருவர் அந்நியரா என்பதே வழக்காக இருக்கும்போது, முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு விசாரணை தொடங்கலாமா?

ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்கள் மூன்றையும், 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றையும் நீக்கி, 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சுமை மட்டும் இறங்கவில்லை. 9-ஆம் பிரிவில் இருந்தது 16-ஆம் பிரிவுக்கு வந்து சேர்ந்தது.

செய்ய வேண்டியதை உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் அந்த அஸ்ஸாம் வழக்கில் காட்டிவிட்டது. எவரையோ பிடித்து நிறுத்தி, நீ இந்தியன் என்று காட்டு எனக் கேட்க முடியாது. சந்தேகத்திற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அதனைச் சம்பந்தப்பட்டவருக்குக் கொடுக்கவும் வேண்டும். பெயரின் எழுத்துவேறுபாடு போன்ற சிறு பிழைகள் ஒருவரை அந்நியராக்கா. இவ்விதிகளைச் சட்ட வாசகத்திலேயே பொறித்துவிட்டால், வறியவர் ஒருவர் இதற்காக டில்லி வரை வர வேண்டியதில்லை. அரசின் பாதுகாப்பும் இதனால் ஒரு மாற்றுக் குறையாது. உண்மையான ஆதாரம் உள்ள இடத்தில் அதனைக் காட்டுவதில் அரசுக்கு என்ன தடை?

அந்த வழக்கில் அவர் இந்தியரே என்று தீர்ப்பாயிற்று. அதைக் கேட்க அவர் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார்.