குதிரைக்கும் ஒரு நேரசூசி



எங்கள் ஊர் கமரா நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு கிழமையாக நடக்கும் விவாதத்தைப் பற்றி இங்கே பொதுவில் எழுதுகிறோம். குழுவில் இல்லாதவர்களும், இந்தப் பயணத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் விடயத்தை அறிந்திருக்க வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஏப்ரல் விடுமுறையில் ஆசிரியர்களும் உயர்தரம் எழுதிய பிள்ளைகளுமாகப் 12 பேர் மைசூர் போகிறோம். கொழும்பிலிருந்து பெங்களூருக்கு விமானம், அங்கிருந்து ரயில். அதில் ஒரு முழு நாளைக் குதிரை வண்டியில் நகரைச் சுற்றிப் படம் எடுப்பதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். மைசூரில் அதை டோங்கா என்பார்கள். இதில் எல்லோருக்கும் விருப்பம். பிரச்சினை குழுவில் சுற்றும் திட்டத்தில்தான் இருக்கிறது.

திட்டம் இப்படி: காலை 6.30க்கு இரண்டு டோங்கா, வண்டிக்கு ஆறு பேர். மார்க்கெட், அரண்மனை, தேவாலயம், அப்படியே அதே வண்டியில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்த் திரும்பி, இரவு 8 மணிக்கு அரண்மனை விளக்குகளைப் பார்த்துவிட்டு ஹோட்டலுக்கு. "மொத்தமாகப் பேசினால் மலிவாக முடிக்கலாம்" என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கிறது.

இதற்கு நாங்கள் உடன்படவில்லை. காரணத்தைச் சொல்லுமுன் எங்கள் சொந்தத் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்களில் சிலர் மைசூர் போயிருந்தோம். காலை 11 மணிக்கு ஒரு டோங்கா பிடித்து ஆறு பேர் ஏறினோம். வெயில் கொளுத்தியது. குதிரை இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. நாங்கள் அதையும் வசதியாக எடுத்துக்கொண்டு இறங்கிப் படம் பிடித்தோம். வந்த பிறகு பாடசாலையில் அந்தப் படங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினோம். அரண்மனை பின்னால், குதிரை முன்னால், வானம் நீலம். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், குதிரைக்குத் தோளில என்ன காயம்?"

சேணத்தின் தோல்வார் உரசிய இடம் ஒரு கை அகலத்துக்குச் சிவந்து புண்ணாக இருந்தது. ஆறு பேர், ஆறு கமரா, நாலைந்து மணித்தியாலம். எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. இந்தப் பதிவை அந்தப் பிள்ளைக்கான பதிலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இழுவை, சுமை விலங்குகளுக்கென்று இந்தியாவில் 1965ஆம் ஆண்டிலிருந்தே விதிகள் இருக்கின்றன. ஒரு விலங்கை நாளொன்றுக்கு மொத்தம் 9 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ச்சியாக 5 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. வண்டியோட்டியையும் ஆறு வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் தவிர நான்கு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. நமது திட்டத்தில் பதின்மூன்றரை மணித்தியாலம், வண்டிக்கு ஆறு பேர். இன்னொரு நாட்டுக்கு விருந்தாளியாகப் போய் அந்த நாட்டு விதியை மீறும் திட்டம் இது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியர்கள் செய்யக்கூடிய காரியமா?

"அங்கே எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள் சேர்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், நாங்களும் ஏறினோம். அதன் விளைவைத்தான் மேலே எழுதியிருக்கிறோம்.

ஏப்ரலில் மைசூரில் பகல் வெப்பம் 34, 35 பாகை வரை சாதாரணமாகப் போகும். இந்திய விதியின் 37 பாகையை எட்டாது என்று வாதிடலாம். ஆனால் வியன்னா நகரில் 35 பாகை வந்துவிட்டால் குதிரை வண்டிகள் ஓடக் கூடாது என்று 2016இல் சட்டம் கொண்டுவந்தார்கள். குதிரையும் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. சும்மா நிற்கும் நாளிலேயே 25 லீற்றர் அளவில் தண்ணீர் குடிக்கும். வெயிலில் பாரம் இழுத்தால் இன்னும் எவ்வளவோ வேண்டும். தார் வீதியின் சூடு கீழிருந்தும் அடிக்கிறது.

இன்னொரு பக்கம், "அப்படியானால் டோங்காவே வேண்டாம், அது பாவம்" என்றும் இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கருத்தையும் நாங்கள் மதிக்கிறோம். மும்பையில் உல்லாசச் சவாரிக்கான விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இஸ்தான்புல் அருகிலுள்ள இளவரசர் தீவுகளில் குதிரைகளுக்கு நோய் பரவியதைத் தொடர்ந்து, 2020இல் வண்டிகள் நிறுத்தப்பட்டு மின்வாகனங்கள் வந்தன. உலகம் அந்தத் திசையில் போகிறது.

ஆனால் மைசூரில் இன்றும் டோங்கா ஓடுகிறது. ஓட்டுபவர்களில் பலர் உருது பேசும் முஸ்லிம்கள், வாப்பாவின் தொழிலைத் தொடர்ந்தவர்கள். ஆட்டோவும் காரும் வந்தபின் சவாரி குறைந்துவிட்டது. தசராக் காலத்தில் பாரம்பரிய டோங்கா சவாரி என்று கொஞ்சம் களைகட்டும், மற்ற நாட்களில் அரண்மனையைச் சுற்றி நின்று ஆள் பார்ப்பார்கள். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குதிரைக்குப் புல்லும் கொள்ளும் வாங்கித்தான் ஆக வேண்டும். கிடைக்கும் ஒரு சவாரியில் ஆறேழு பேரை ஏற்றி வெயிலில் ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, கூலியைக் குறைத்துப் பேசும் நாமும் அந்தப் புண்ணுக்கு ஒரு பங்காளி. நாம் ஏறாமல் விட்டால் நமது மனம் ஆறும், குதிரைக்கு அன்றைக்குத் தீனி வராது. சரியான முறையில் ஏறி, சரியான கூலியைக் கொடுப்பதே இப்போதைக்குச் சரி என்பது எங்கள் நிலைப்பாடு.

இனி எங்கள் மாற்றுத் திட்டம். படம் எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: குதிரைக்குக் கஷ்டமான நேரமும் கமராவுக்குக் கெட்ட நேரமும் ஒன்றுதான். பகல் 11 முதல் 3 வரை வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழும், முகமெல்லாம் நிழல், கட்டடமெல்லாம் வெளிறிப்போகும். அந்த நேரத்தில் வண்டியில் சுற்றி நமக்கும் ஒன்றும் கிடைக்காது.

நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். ஞாயிறுகளிலும் அரச விடுமுறைகளிலும்தான் அரண்மனையில் மாலை 7 மணியளவில் கிட்டத்தட்ட ஒரு இலட்சம் மின்குமிழ்கள் எரியும்.

சுபஹுக்குப் பிறகு, 6.15க்கு நடந்தே தேவராஜ மார்க்கெட். பூக்காரர்கள் மாலை கட்டும் நேரம். வாழைக்குலைகளும் குங்குமக் குவியல்களும் நல்ல படம் தரும். ஆட்களை எடுக்குமுன் கேளுங்கள், வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். வெளியே வந்தால் சின்ன மணிக்கூட்டுக் கோபுரமும் லான்ஸ்டவுன் கட்டடமும் இருக்கின்றன. அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி 2012இல் இடிந்தது, மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016இல் விழுந்தது. நாளைக்கு இருக்குமோ என்று தெரியாத இவற்றை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

7.30க்கு மூன்று டோங்கா, வண்டிக்கு நான்கு பேர். பெரிய மணிக்கூட்டுக் கோபுரம், அரண்மனையின் வெளிச்சுற்று, 1861இல் கட்டிய ஜகன்மோகன் அரண்மனை. எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்ட. பழைய மர அரண்மனை 1897இல் தீப்பிடித்த பிறகு ஹென்றி இர்வின் வரைந்து 1912இல் முடிந்ததுதான் இப்போதுள்ள பெரிய அரண்மனை. அது கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேரே முகப்பில் விழுவதால் வெளியிலிருந்து எடுக்க இதுதான் நேரம். 10 மணிக்கு வண்டிகளை அனுப்பிவிட வேண்டும்.

10.30 முதல் 3.30 வரை குதிரைக்கு ஓய்வு. நாங்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ ஸ்ரீரங்கப்பட்டணம் போவோம். ஏறத்தாழ 15 கிலோமீற்றர், வேகமாக வாகனங்கள் ஓடும் நெடுஞ்சாலை. அதில் குதிரையை ஓட்டச் சொல்வது அதற்கும் நமக்கும் ஆபத்து. அங்கே 1784இல் முடிந்த தரியா தௌலத் மாளிகையும், ஹைதர் அலியும் அவரது மனைவியும் மகன் திப்பு சுல்தானும் அடங்கியிருக்கும் கும்பஸும் இருக்கின்றன. 1799 மே 4இல் திப்பு விழுந்த மண் அது. மாளிகைச் சுவரில் 1780 பொள்ளிலூர்ப் போரைத் தீட்டியிருக்கிறார்கள். வெயில் நேரத்துக்கு இப்படி நிழலில் நின்று பார்க்கும் இடங்களே பொருத்தம். ழுஹரையும் அங்கேயே தொழுதுகொள்ளலாம்.

அஸர் தொழுதுவிட்டு, 4 மணியளவில் காலையில் வந்த அதே டோங்காக்களில் அசோகா வீதி வழியே சென் பிலோமினா தேவாலயம். 1933இல் அடிக்கல் நட்டது, 175 அடி இரட்டைக் கோபுரம். மாலை வெளிச்சத்தில் கோபுரங்களை எடுத்துவிட்டு வருவோம். அது வணக்கத்தலம், ஞாயிற்றுக்கிழமை வேறு. உள்ளே கமராவை நீட்டிக்கொண்டு திரிய வேண்டாம். நமது பள்ளிவாசலில் பிறர் எப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ அப்படி நடப்போம். 6 மணிக்கு அரண்மனையடியில் இறங்கி வண்டிகளை அனுப்பிவிட வேண்டும். மஃரிப், பிறகு விளக்குகள். அதற்கு முக்காலி போதும், குதிரை தேவையில்லை.

மொத்தம் நாலரை மணித்தியாலச் சவாரி. ஆனால் கூலி முழு நாளைக்கு. இந்த இடத்தில்தான் குழுவில் சூடாகிவிட்டது. "நிற்கிற குதிரைக்கு ஏன் காசு?" என்கிறார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு விடுமுறை மாதத்திலும் சம்பளம் வருகிறது அல்லவா? நடுப்பகலில் வேறு சவாரி பிடிக்காமல் அந்தக் குதிரை நிழலில் நிற்க வேண்டுமென்றால், அந்த நேரத்தின் கூலியை நாம்தான் கொடுக்க வேண்டும். காலையிலேயே தெளிவாகப் பேசி, "பகல் வேற சவாரி வேணாம் பாய், குதிரை நிக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். இரண்டுக்குப் பதில் மூன்று வண்டி என்பதால் செலவு கூடத்தான் செய்யும். ஓர் இரவுச் சாப்பாட்டை எளிமையாக்கினால் சமாளிக்கலாம் என்பது எங்கள் கணக்கு.

ஏறுமுன் ஐந்து நிமிடம் குதிரையைப் பாருங்கள். சேணத்துக்கடியில் புண் இருக்கிறதா, விலா எலும்பு தள்ளிக்கொண்டு நிற்கிறதா, நடக்கும்போது ஒரு காலைத் தாங்குகிறதா, லாடம் தளர்ந்திருக்கிறதா, வண்டியில் தண்ணீர் வாளி இருக்கிறதா. சரியில்லை என்றால் அந்த மனிதரை அவமானப்படுத்தாமல் வேறு வண்டி பாருங்கள். ஓடும்போது எழுந்து நிற்க வேண்டாம். குதிரையின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் வேண்டாம். வண்டி ஆடும், ஷட்டரை 1/500க்குக் குறைய விடாதீர்கள். வண்டியோட்டியைப் படம் எடுத்தால் அவரது போனுக்கும் ஒன்று அனுப்புங்கள்.

பசியோடும் களைப்போடும் வேலை வாங்கப்பட்ட ஓர் ஒட்டகத்துக்காக அதன் சொந்தக்காரரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதே பிள்ளைகள் ஏப்ரலில் எங்களோடு வண்டியில் இருக்கப் போகிறார்கள், இந்த முறை பார்த்துக்கொண்டும் இருப்பார்கள்.

குழுவில் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முடிவெடுப்பதாக இருக்கிறோம். பெற்றோரும் உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். பழைய திட்டம்தான் என்றால் அந்த ஒரு நாள் நாங்கள் நடந்தே படம் எடுப்போம். மூன்று வண்டி, நான்கு பேர், பகலில் ஓய்வு என்றால் எங்கள் பங்குப் பணத்தை இன்றைக்கே தரத் தயார்.