நக்கிள்ஸ் பாதையும் நமது கைமுதலும்

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியால் போகின்றவர்கள் திகன, தெல்தெனிய நகரங்களைக் கடந்து ஹுன்னஸ்கிரியவை அடைவார்கள். அங்கிருந்து இடப்புறமாகப் பிரிகின்ற ஒடுங்கிய வீதி, கோர்பட்ஸ் கெப் என்ற மலைக் கணவாயைத் தாண்டி மீமுரே கிராமத்துக்கு இறங்குகின்றது. சில காலமாக இந்த வீதியில் ஒரு புதுக் காட்சியைக் காண முடிகின்றது. தடித்த டயர் பூட்டிய சைக்கிள்களில், தலைக்கவசம் அணிந்து, முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டு இளைஞர்கள் வருகிறார்கள். வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள், நம் நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வழியோரத்தில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இது பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "வேன் பிடிக்கக் காசில்லாதவன்தானே சைக்கிள் மிதிப்பான். இவர்களிடம் நமக்கு என்ன யாவாரம்?" என்று சிரித்தார். அவர் கேலி செய்த சைக்கிள்களில் சிலவற்றின் விலை அவருடைய மோட்டார் சைக்கிளின் விலையை விட அதிகமாக இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நம்மில் பலருடைய நிலையும் இதுதான். புதிய வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்கும்போது அவரை அடையாளம் காண நாம் தவறிவிடுகிறோம்.

மலைச் சைக்கிள் ஓட்டம் என்பது பெரிய கம்பனிகள் திட்டமிட்டு உருவாக்கிய தொழில் அல்ல. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பாயிஸ் மலைப் பகுதியில் சில இளைஞர்கள் பழைய, பாரமான சைக்கிள்களைக் குறைந்த விலைக்கு வாங்கி மலையிலிருந்து இறக்கி ஓட்டி விளையாடினார்கள். இறங்கும் வேகத்தில் பின்சில்லு பிரேக்கின் சூட்டில் கிரீஸ் உருகிப் புகைந்து போகும். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அங்கே ஓடிய பந்தயத்துக்கே 'மறுபடி அடைத்தல்' என்ற பொருளில் 'ரீபெக்' என்று பெயர் வந்தது. அந்த இளைஞர்களில் ஒருவரான கேரி ஃபிஷர், 1979இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து மலைச் சைக்கிள் விற்கும் சிறிய தொழிலைத் தொடங்கினார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் இது ஒரு விளையாட்டாகவே சேர்க்கப்பட்டது. பழைய இரும்பில் ஆரம்பித்தது இன்று உலகம் முழுவதும் நடக்கும் வியாபாரம்.

இனி நமது கடைக்கு வருவோம். கண்டியிலிருந்து ஒரு வேனில் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் புறப்படும் இடத்திலேயே வாங்கியாகிவிட்டது. மலையில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு மாலையில் திரும்பி விடுகிறார்கள். வழியிலுள்ள கடைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர்கள் விட்டுச் செல்லும் குப்பை மட்டும்தான். சைக்கிளில் வருகின்றவர் அப்படியல்ல. அவரால் பாரம் சுமக்க முடியாது. மணிக்கொரு தடவை பசிக்கும், தாகம் எடுக்கும். பிளேன்டீ வேண்டும், வாழைப்பழம் வேண்டும், கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு வேண்டும். இருட்டினால் தங்க அறை வேண்டும். அட்டை கடித்த காலைக் கழுவச் சவர்க்காரம் வேண்டும். டியூப் வெடிக்கும், செயின் அறும், பிரேக் கட்டை தேயும். களைத்துப் போனால் சைக்கிளோடு சேர்த்து ஏற்றிச் செல்ல லொறி வேண்டும். வேகமாகப் போகின்றவர் தன் பணத்தைப் பெரிய நகரத்தில் செலவு செய்கிறார். மெதுவாகப் போகின்றவர் வழி நெடுகச் செலவு செய்கிறார். நமது சிறு வியாபாரிகளுக்கு ஏற்றவர் இரண்டாமவரே.

இது வெறும் கற்பனையல்ல. அவுஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில், காடடர்ந்த மலைகளுக்கு நடுவே டர்பி என்று ஒரு சிற்றூர் உண்டு. வெள்ளீயச் சுரங்கத்தால் செழித்த ஊர் அது. 1929இல் சுரங்கத்துக்கான அணை உடைந்து 14 பேர் உயிரிழந்தார்கள். பின்னர் சுரங்கத் தொழிலும் மங்கியது, ஊரும் தேய்ந்தது. 2015இல் அங்குள்ள காட்டின் ஊடாக மலைச் சைக்கிள் பாதைகள் திறக்கப்பட்டன. 2017இல் உலகத் தரத்திலான போட்டியொன்று அங்கே நடைபெற்றது. பழைய வீடுகள் தங்குமிடங்களாக மாறின. சைக்கிள் கடைகளும் உணவுக் கடைகளும் வந்தன. பின்னர் அந்தப் பாதைகளின் அருகே அரச நிறுவனமொன்று மரம் தறிக்க முற்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியதும் குறிப்பிடத்தக்கது. மரம் போனால் சைக்கிள்காரரும் வரமாட்டார் என்று அந்த எதிர்ப்பாளர்கள் கணக்குப் பார்த்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்த விடயம் இங்கேதான் தொடங்குகின்றது. எந்த வியாபாரத்திலும் முதல் கேள்வி, 'கைமுதல் எங்கே இருக்கிறது?' என்பதுதான். சில்லறைக் கடையின் முதல் இறாக்கையில் இருக்கிறது. ஆனால் இந்த வியாபாரத்தின் முதல் நமது கடையில் இல்லை. அது நக்கிள்ஸ் காட்டில், அங்கே ஓடும் அருவியில், மூடுபனியில், மிதிபடும் ஒற்றையடிப் பாதையில் இருக்கிறது. அதற்கு நாம் ஒரு சதமும் போடவில்லை. போடாத முதலைப் பற்றி நமக்கு அக்கறை வருவதில்லை. ஆபத்தும் அதுதான்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நமது தகப்பன்மார் காலத்து ஏலக்காய் போதும். நக்கிள்ஸ் மலைகளில் பெரிய மரங்களின் நிழலில் ஏலம் பயிரிடப்பட்டது. கண்டி, மாத்தளைக் கடைகளில் அந்த ஏலக்காயின் வாசனை வீசியது. அதில் இலாபம் கண்டவர்களில் நம்மவர்களும் அடக்கம். ஆனால் ஏலச் செடிக்காக நிலத்திலிருந்த இளங்கன்றுகளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கினார்கள். காயைக் காய வைக்கும் சூளைகளுக்கு அதே காட்டிலிருந்து விறகு எடுத்தார்கள். மேலே நின்ற கிழட்டு மரங்கள் சாய்ந்தபோது அவற்றின் இடத்தைப் பிடிக்கக் கீழே கன்றுகள் இருக்கவில்லை. கடைசியில் அரசு தடை போட்டது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலை வனம் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தடை போட்டவர்களைத் திட்டியவர்கள் நம்மில் பலர். ஆனால் உண்மையில் அந்த வியாபாரம் தன் கைமுதலைத் தானே தின்றுவிட்டது.

சைக்கிள் வியாபாரமும் அதே வழியில் போகலாம். சைக்கிள் புகை கக்காது, சத்தம் போடாது என்பது உண்மை. ஆனால் செங்குத்தான சரிவில் சில்லு பதித்த தடத்தில் மழைநீர் ஓடினால் அது சிறு வாய்க்காலாகும். இரண்டு மழைக்காலத்தில் அது பள்ளமாகும். பள்ளத்தைத் தவிர்க்கப் பக்கத்தில் இன்னொரு தடம் போடுவார்கள். அதுவும் பள்ளமாகும். ஆகவேதான் பாதை அமைப்பதில் கைதேர்ந்தவர்கள், பாதையின் சரிவு மலைச் சரிவின் பாதியைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பாதை மலையின் இடுப்பைச் சுற்றிப் போக வேண்டும். தண்ணீர் அதன் மேல் ஓடாமல், குறுக்கே வழிந்து கீழே இறங்க வேண்டும்.

நமது அதிர்ஷ்டம், இத்தகைய பாதைகள் மலையகத்தில் ஏற்கனவே இருக்கின்றன. தேயிலையை இறக்குவதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட வண்டிப் பாதைகள் அவை. மாடு இழுக்க வேண்டியிருந்ததால் மெதுவான சரிவிலேயே அவற்றை வெட்டினார்கள். கண்டியிலிருந்து ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல ஊடாக நுவரெலியா வரை சுமார் 300 கிலோமீற்றர் நீளமான 'பெக்கோ' நடைபாதை, 22 பகுதிகளாக இத்தகைய பழைய பாதைகளை இணைத்தே உருவாக்கப்பட்டது. புதிதாகக் காட்டை வெட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நக்கிள்ஸ் பக்கத்திலும் பொது வீதிகள் இருக்கின்றன. ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஊடாக இலுக்கும்புர செல்லும் வீதியும், முன்னர் சொன்ன மீமுரே வீதியும் போதுமானவை. தோட்டப் பாதைகளுக்கு நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். வனத்துக்குள் நுழைவதானால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிச் சென்று காசு பார்க்கும் குறுக்கு வழியில் நமது பிள்ளைகள் இறங்கக் கூடாது. ஒரே ஒரு விபத்து போதும், முழு வழியும் எல்லோருக்கும் அடைபட்டுவிடும்.

இன்னொரு விடயத்தையும் மனம் திறந்து பேச வேண்டும். ஹுன்னஸ்கிரியவுக்குப் போகின்ற வழியிலுள்ள திகனயும் தெல்தெனியவும் 2018 மார்ச் மாதத்தில் எரிந்தன. நம்மவர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அந்த வழியில் புதிதாக முதலிட அஞ்சுகின்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மீமுரேயில் அறையும் சோறும் கொடுப்பவர் சிங்களக் கிராமவாசி. வழிகாட்டும் இளைஞரும் அவருடைய பிள்ளைதான். உதிரிப்பாகமும் லொறியும் சரக்கும் நகரத்திலுள்ள நம்மிடம் இருக்கின்றன. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வியாபாரம் இல்லை. கிராமத்துக்குள் காணி வாங்கி ஹோட்டல் கட்டப் போனால் நாம் அவர்களுக்குப் போட்டியாளர். அவர்களோடு முஷாரக்கா முறையில் கூட்டுச் சேர்ந்தால் நாம் அவர்களுக்குப் பங்காளி. பங்காளியின் கடை எரிந்தால் தன் பங்கும் எரியும் என்பது எல்லோருக்கும் விளங்கும். கூட்டு வியாபாரம் எல்லா வெறுப்பையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உபதேசத்தை விட உறுதியான பிணைப்பு அது.

எச்சரிக்கையும் தேவை. 2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் நம் நாட்டுக்கு வந்தார்கள். 2019 ஏப்ரல் தாக்குதலும் அதன் பின் வந்த கொரோனாவும் அந்தக் கணக்கை 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே தள்ளின. வங்கியில் வட்டிக்குக் கடன் எடுத்து அறை கட்டியவர்களின் கதி என்னவாயிற்று என்பதை நாம் கண்டோம். வட்டி மார்க்கத்திலும் ஆகாது, பருவத்தை நம்பிய தொழிலிலும் ஆகாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தின் மலைச் சரிவுகளைப் பெயர்த்து, நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்களைப் பலி கொண்டது. மலை நமது விருப்பத்துக்கு இசையாது என்பதற்கு இதை விடச் சான்று வேண்டியதில்லை. மழைக் காலத்தில் பாதையை மூடி வைக்கவும், அந்த மாதங்களுக்கு வேறு வருமானம் வைத்திருக்கவும் தெரிந்தவரே இதில் நிலைப்பார்.

ஆகவே, பெரிதாகத் தொடங்க வேண்டாம். மடவளையிலோ உக்குவளையிலோ திகனயிலோ ஏற்கனவே சைக்கிள் கடை வைத்திருப்பவர், தடித்த டயருக்கான டியூபும் பிரேக் கட்டையும் கியர் வயரும் கொஞ்சம் வாங்கி வைக்கட்டும். மகனை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் அனுப்பி கியர் வேலை பழக்கட்டும். வழியோரக் கடைக்காரர் சுத்தமான மலசலகூடம் ஒன்றையும், சைக்கிள் கழுவ ஒரு தண்ணீர்க் குழாயையும் வைக்கட்டும். வெளிநாட்டவரை மாத்திரம் நம்பாமல், 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று அலுத்துச் சைக்கிளுக்கு மாறிய நம் நாட்டு இளைஞர்களையும் கணக்கில் எடுக்கட்டும். இதற்கெல்லாம் பெரிய தொகை தேவையில்லை.

கடைசியாக ஒன்று. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று குர்ஆன் மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். அதைப் படித்த சமூகத்தின் கடை வாசலில்தான் பிளாஸ்டிக் போத்தலும் லன்ச் சீட்டும் குவிந்து கிடக்கின்றன. மாதத்தில் ஒரு நாள், கிராமத்தவர்களோடு சேர்ந்து கடைக்காரர்களும் அந்த வழியில் இறங்கிக் குப்பை பொறுக்கினால், அடைபட்ட காணை வெட்டிவிட்டால், அதை ஸதகா என்றும் சொல்லலாம், தன் கைமுதலைப் பராமரித்தல் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றாக அமைகின்ற வியாபாரம் மிகச் சிலவே. ஏலக்காயில் நாம் இழந்தது ஒரு பாடம் என்றால், அந்தப் பாடத்துக்குரிய கட்டணத்தை நமது தகப்பன்மார் ஏற்கனவே செலுத்திவிட்டார்கள். அதை நாம் இரண்டாவது தடவை செலுத்த வேண்டியதில்லை.