அவள் வேலை எங்கே போயிற்று?

வாடகை நூல் நிலையங்களில் முதுகு கிழிந்து, காக்கித்தாள் ஒட்டப்பட்டு, அப்படியும் கைமாறிக்கொண்டே இருப்பவை குடும்ப நாவல்கள். ரமணிசந்திரனைத் தோழிகளிடம் கடன் வாங்கிப் படித்து வளர்ந்த பெண்கள் இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கதாநாயகியும் முன்னேறியிருக்கிறாள். டாக்டராக வருகிறாள், டீம் லீடராக வருகிறாள், அப்பா கடனோடு விட்டுப்போன மில்லை நிமிர்த்துகிறாள். முதல் அத்தியாயத்தில் அவள் கையெழுத்துக்காகக் கோப்புகள் காத்திருக்கின்றன. நாயகன் வந்ததும் கோப்புகளைக் காணோம். பத்தாம் அத்தியாயத்துக்குள் அவள் என்ன வேலை பார்த்தாள் என்பதே கதைக்கு மறந்துபோகிறது.

வீட்டு வேலையெல்லாம் முடித்து, இரவு பதினோரு மணிக்கு ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரத்தை ஏளனம் செய்யும் விமர்சனம் எங்களுக்கு வேண்டாம். காதல் கதை பெரிய விஷயம். அதனால்தான் இந்தக் குறை எங்களை உறுத்துகிறது: வேலையை இரவல் நகையைப் போல நாயகிக்குப் பூட்டி, கல்யாணத்தோடு கழற்றிவிடுகிறார்கள்.

வேறு விதமாகவும் எழுதலாம் என்பதற்கு 1935இல் வந்த ஓர் ஆங்கில நாவல் சாட்சி. டோரதி சேயர்ஸ் எழுதிய ‘காடி நைட்’. துப்பறியும் கதைகளோடு அடுக்கி வைக்கப்படுவதால் காதல் கதை தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹாரியட் வேன் பெயர் பெற்ற எழுத்தாளர், சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்பவள். முன்னாள் காதலனைக் கொன்றதாகத் தொடரப்பட்ட வழக்கில் அவளைத் தூக்குக்கயிற்றிலிருந்து மீட்டவன் பீட்டர் விம்சி. அவன் பல வருடங்களாகத் திருமணத்துக்குக் கேட்கிறான், அவள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள். உயிர் கொடுத்தவனுக்கு நன்றிக்கடனாகத் தன்னைக் கொடுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

அவள் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு பாத்திரம் உயிரில்லாமல் நிற்கிறது. பீட்டர் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறான். அந்தப் பாத்திரத்துக்கு நிஜமான உணர்ச்சிகளைக் கொடு என்கிறான். அப்படி எழுதினால் தனக்கே வலிக்கும் என்று அவள் சொல்ல, புத்தகம் நன்றாக வருமானால் வலித்தால்தான் என்ன என்று கேட்கிறான். நம் மாத நாவலின் நாயகன் இந்த இடத்தில் அவள் தலையை வருடி, இனி நீ எதற்கும் கஷ்டப்பட வேண்டாம் என்றிருப்பான். பீட்டரோ அவளை அவள் மேசைக்கே திருப்பி அனுப்புகிறான். அவள் தங்கித் துப்புத் துலக்கும் ஆக்ஸ்போர்டு மகளிர் கல்லூரியில் உயிருக்கு ஆபத்து வரும்போதும், கிளம்பி வந்துவிடு என்று அவன் சொல்வதில்லை. கழுத்தை நெரிக்க வருபவரிடமிருந்து எப்படித் தப்புவது என்று பழக்குகிறான், கழுத்தில் கட்டிக்கொள்ளத் தடித்த நாய்ப்பட்டை ஒன்று வாங்கித் தருகிறான். காதலன் தந்த பரிசுகளில் இதைவிட மரியாதையான ஒன்றை நாங்கள் எந்த நாவலிலும் படித்ததில்லை.

கடைசியில் ஆக்ஸ்போர்டு வீதியொன்றில், பட்டமளிப்புச் சடங்கின் லத்தீனில், அவள் பெற்ற பட்டத்தின் பெயராலேயே விளித்து அவள் சம்மதத்தைக் கேட்கிறான். சேயர்ஸ் 1915இலேயே அங்கே முதல் வகுப்பில் தேறியும், பெண் என்பதால் 1920 வரை பட்டத்துக்குக் காத்திருந்தவர். அந்த விளிப்பில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

வேலையை விட்டுக்கொடுக்காத ஒருவர் நம்மிடமும் இருந்தார். திரிபுரசுந்தரி என்ற லக்ஷ்மி, ஆனந்த விகடனில் கதை எழுதிக் கிடைத்த பணத்தில் மருத்துவம் படித்தார். டாக்டராகவும் இருந்தார், நாவல்களும் எழுதினார், 1984இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார். இரண்டு வேலைகளையும் ஒரே வாழ்க்கையில் வைத்துக்கொண்ட அந்தப் பிடிவாதம் நம் காதல் நாயகிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பிடிவாதமுள்ள நாயகியை எழுதக்கூடியவர்கள் வேலைக்குப் போகும் பெண்களே. இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸுக்காகக் காலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவனைப் பற்றி எழுதுங்கள். அவளுக்குப் பதவி உயர்வு வந்து அவனுக்கு வராமல்போன மாதத்தைப் பற்றி எழுதுங்கள். வெளியூர் மாற்றல் உத்தரவை வைத்துக்கொண்டு இருவரும் பேசித் தீராத இரவைப் பற்றி எழுதுங்கள். வரும் இதழ்களில் இத்தகைய குறுநாவல்களுக்கு இடம் ஒதுக்குகிறோம். பக்க வரம்பு கிடையாது.